சிரியஸ் கிட்டவா, அகத்தியர் கிட்டவா? பிரகாசத்தை வைத்துத் தூரம் சொல்ல முடியுமா?

#1 மாடிவெளி

எல்லோருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை ராத்திரி அக்கா மகளோடு மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். பிப்ரவரி மாதம், மணி ஒன்பது. தெற்கே பார்த்து நின்றால் உச்சியிலிருந்து கொஞ்சம் சரிவில் சிரியஸ், அதற்குக் கீழே தென்னை மரத்து உயரத்தில் அகத்தியர். ராத்திரி வானத்து நட்சத்திரங்களில் முதல் பிரகாசம் சிரியஸ், இரண்டாவது அகத்தியர் என்று சொன்னேன். அவள் உடனே, "அப்போ சிரியஸ் நமக்குக் கிட்ட இருக்கு, அகத்தியர் கொஞ்சம் தள்ளி இருக்கு, அப்படித்தானே மாமா?" என்றாள். நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

கீழே இறங்கி வந்து தேடிப் பார்த்தால் சிரியஸ் 8.6 ஒளியாண்டு, அகத்தியர் ஏறத்தாழ 310 ஒளியாண்டு. 36 மடங்கு தூரம்! பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவிருக்கிறது: தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும். அப்படியானால் 36 மடங்கு தூரத்துக்கு, 36-ஐ 36-ஆல் பெருக்கி, கிட்டத்தட்ட 1,300 மடங்கு மங்கலாகத் தெரிய வேண்டும். ஆனால் பார்க்கும்போது சிரியஸில் பாதி வெளிச்சம் அகத்தியருக்கு இருக்கிறது. எந்த இடத்தில் தப்பு விடுகிறேன்?

பிள்ளைக்குத் தவறாகச் சொல்லிவிட்டேன், திருத்திச் சொல்ல வேண்டும். அவளுக்குப் புரிகிற மாதிரி யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

#2 நிலாச்சோறு

தம்பி, உங்கள் கணக்கில் தப்பே இல்லை. இரண்டு நட்சத்திரமும் ஒரே அளவு வெளிச்சம் விடுகின்றன என்று எடுத்துக்கொண்டீர்கள், அவ்வளவுதான். அகத்தியர் ராட்சச நட்சத்திரம்.

#3 கரும்பலகை

முப்பது வருஷம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன். இந்தக் கேள்வியை ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும். கேட்கிற பிள்ளைக்குத்தான் பாடம் புரியத் தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம், மருமகளிடம் இதைச் சொல்லுங்கள்.

வகுப்பில் நான் தோசைக்கல்லில் இருந்துதான் தொடங்குவேன். ஒரு கரண்டி மாவு. நாலு அங்குல அகலத்துக்கு ஊற்றினால் கனமான ஊத்தப்பம். அதே ஒரு கரண்டியை எட்டு அங்குலத்துக்கு இழுத்தால் பரப்பு நாலு மடங்கு, ஆகவே கனம் கால் பங்கு. பன்னிரண்டு அங்குலத்துக்கு இழுத்தால் கனம் ஒன்பதில் ஒரு பங்கு, ஓரம் முறுகிப்போகும். மாவு எங்கேயும் காணாமல் போகவில்லை, பரவிவிட்டது. நட்சத்திர வெளிச்சமும் அப்படித்தான். ஒரு நொடியில் கிளம்பிய ஒளி, நட்சத்திரத்தை நடுவில் வைத்து ஊதிக்கொண்டே போகும் பலூன் தோல் மாதிரி எல்லாத் திசையிலும் விரிகிறது. ஆரம் இரட்டித்தால் தோலின் பரப்பு நாலு மடங்கு. நம் கண்மணியின் துளை மாறாமல் அதே சில மில்லிமீட்டர்தான், அதனால் அதற்குள் விழும் பங்கு நாலில் ஒன்று. இதுதான் எதிர் இருமடி விதி. ஒளிக்கு இந்த விதியை 1604-லேயே கெப்ளர் எழுதி வைத்துவிட்டார்.

ஆக, கல்லில் தெரியும் கனத்துக்கு இரண்டு காரணம்: எத்தனை கரண்டி ஊற்றினோம், எவ்வளவு அகலம் இழுத்தோம். கனத்தை மட்டும் பார்த்து இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. உங்கள் மருமகளின் ஊகம் இடறிய இடம் இது ஒன்றுதான்.

இப்போது கணக்கு. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் சிரியஸ் ஒரு கரண்டி என்றால் அகத்தியர் ஏறத்தாழ 650 கரண்டி. தூரத்தால் 1,300 மடங்கு மெலிகிறது, மாவு 650 மடங்கு கூடுதல். 1,300-ஐ 650-ஆல் வகுத்தால் 2. நீங்கள் மாடியில் பார்த்த அந்தப் பாதி வெளிச்சம் இந்த 2-தான்.

இரண்டையும் இடம் மாற்றி வைத்துப் பாருங்கள். சிரியஸைக் கொண்டுபோய் 310 ஒளியாண்டில் வைத்தால் வெறுங்கண்ணுக்கே தெரியாது. பைனாகுலர் வேண்டும். அகத்தியரைச் சிரியஸ் இருக்கும் இடத்துக்கு இழுத்து வந்தால், வெள்ளிக் கிரகம் உச்சப் பிரகாசத்தில் இருக்கும்போது தெரிவதைப் போல சுமார் முப்பது மடங்கு ஒளிரும். ராத்திரியில் தரையில் நம் நிழல் விழும்.

#4 மாடிவெளி

கரும்பலகை ஐயா, மிக்க நன்றி. தோசை உதாரணத்தை அவளிடம் சொன்னேன், உடனே பிடித்துக்கொண்டாள். ஆனால் "நாலில் ஒன்று என்பதை நாமே அளந்து பார்க்க முடியுமா" என்று கேட்டாள். போனில் லக்ஸ் அளக்கும் ஒரு செயலி இறக்கினோம். கூடத்தில் மற்ற விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பை ஸ்டூல் மேல் வைத்து, அளவு நாடாவைத் தரையில் ஓட்டி அளந்தோம்.

1 மீட்டரில் 142 லக்ஸ்
2 மீட்டரில் 41
3 மீட்டரில் 22

விதிப்படி 2 மீட்டரில் 35 அல்லது 36, 3 மீட்டரில் 16 வந்திருக்க வேண்டும். இரண்டுமே கூடுதலாக வருகிறது. போன் சென்சார் சரியில்லையா?

#5 முக்காலி

போன் மேல் பழி வேண்டாம். உங்கள் அளவில் ஒரு சாட்சி இருக்கிறது. 2 மீட்டரில் கூடுதல் 5 அல்லது 6, 3 மீட்டரிலும் கூடுதல் 6. இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே அளவு கூடுதல். அது சுவர், கூரை, தரையில் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சம். வெள்ளையடித்த கூடமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதே பல்பை எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு மாடிக்குக் கொண்டுபோங்கள், பக்கத்தில் சுவர் இல்லாத இடமாக.

இன்னொன்று, டியூப்லைட்டை வைத்து இதைச் செய்துவிடாதீர்கள். நாலடி நீளக் குழாய்க்குப் பக்கத்தில், ஒரு அடி, ஒன்றரை அடித் தூரத்தில், வெளிச்சம் தூரத்துக்கு நேர் எதிர் விகிதத்தில்தான் குறையும். இரட்டைத் தூரம் போனால் பாதி. குழாயின் நீளம் சிறிசாகத் தெரியும் அளவுக்குத் தள்ளிப் போன பிறகுதான் இருமடி விதி வேலை செய்யும். நட்சத்திரங்கள் அத்தனையும் அந்தத் தள்ளிப்போன நிலையில் இருப்பதால் நமக்குக் கவலை இல்லை.

#6 மாடிவெளி

நேற்று மாடியில் அளந்தோம். தெருவிளக்கு வெளிச்சம் 1 லக்ஸுக்கும் கீழே. பல்பை வைத்து: 138, 35, 15!

138-ஐ 4-ஆல் வகுத்தால் 34.5. 9-ஆல் வகுத்தால் 15.3. எண்ணைச் சத்தமாகப் படித்தபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தன் நோட்டில் மூன்று எண்ணையும் எழுதி, பக்கத்தில் தேதி போட்டு வைத்திருக்கிறாள்.

#7 கோடிவீடு

இழையை இன்றுதான் பார்த்தேன். எனக்கு ஒரு மறுப்பு இருக்கிறது, யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் வீட்டுக்கு எதிரே மஞ்சள் வர்ணம் பூசிய ஒரு மதில். பத்தடியில் இருந்து பார்த்தாலும் நூறு அடியில் இருந்து பார்த்தாலும் அது அதே மஞ்சளாக, அதே வெளிச்சமாகத்தான் தெரிகிறது. பத்து மடங்கு தள்ளிப் போனால் நூறு மடங்கு இருண்டு போக வேண்டுமே, போகவில்லை. கேமராவிலும் அப்படித்தான், தூரத்து மலைக்கும் பக்கத்து மரத்துக்கும் ஒரே எக்ஸ்போஷர் வைக்கிறோம். அப்படியென்றால் இருமடி விதி எல்லா இடத்துக்கும் பொருந்துவதில்லை என்றுதானே ஆகிறது?

#8 முக்காலி

அருமையான மறுப்பு. படம் எடுக்க வந்த புதிதில் இதே குழப்பத்தில் நானும் பல நாள் இருந்தேன்.

மதில் விஷயத்திலும் விதி உடையவில்லை. கண்ணுக்குள் விழித்திரையில் ஒரு சின்னப் புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இரட்டைத் தூரம் போனால், மதிலின் ஒவ்வொரு சதுர அங்குலத்தில் இருந்தும் உங்களுக்கு வரும் ஒளி கால் பங்காகிறது. ஆனால் மதில் சிறிசாகத் தெரிவதால், அதே விழித்திரைப் புள்ளியில் இப்போது நாலு மடங்கு மதில் பரப்பு வந்து விழுகிறது. கால் பங்கு, நாலு மடங்கு, சரிக்குச் சரி. மொத்த மதிலில் இருந்து வரும் ஒளி குறைந்துவிட்டது, மதில் அடைக்கும் இடமும் அதே விகிதத்தில் குறைந்துவிட்டது. அதனால் ஒரு துண்டின் பிரகாசம் மாறுவதில்லை.

நட்சத்திரத்தில் இந்த ஈடுகட்டல் நடக்காது. நம் கண் பிரித்துப் பார்க்கும் எல்லை சுமார் ஒரு கலை, அதாவது ஒரு பாகையில் 60-இல் ஒன்று. திருவாதிரை நட்சத்திரம் பிரம்மாண்டமானது. அதன் வட்டத்தின் அகலமே ஒரு விகலையில் 20-இல் ஒரு பங்கு. ஒரு கலைக்கு 60 விகலை. ஆக, முழு நட்சத்திரமும் விழித்திரையின் ஒரே புள்ளிக்குள் ஏற்கெனவே அடங்கிவிட்டது. இன்னும் தள்ளிப்போனால் உள்ளே வந்து விழ மிச்சப் பரப்பு ஒன்றும் இல்லை. குறைவது மட்டுமே நடக்கும்.

இந்த இரண்டு நிலைக்கும் எல்லைக்கோடு எங்கே என்று பார்த்தால் எனக்கு எப்போதும் மயிர்க்கூச்செறியும். சூரியன் நமக்கு அரைப் பாகை அகலமாகத் தெரிகிறது. பூமியைப் போல 30 மடங்கு தூரத்தில் இருக்கும் நெப்டியூனில் இருந்து பார்த்தால் அதன் அகலம் ஒரு கலை. வட்டம் புள்ளியாக மாறுகிற வாசற்படி கிட்டத்தட்ட அதுதான். நெப்டியூனில் விழும் வெயில் நம் வெயிலில் 900-இல் ஒரு பங்கு. ஆனாலும் அந்தச் சின்னஞ்சிறு வட்டத்தின் மேற்பரப்பு இங்கே தெரியும் அதே கூச்சத்தோடுதான் எரியும்.

#9 கோடிவீடு

புரிந்தது, நன்றி. அப்படியானால் ஒரு கேள்வி. நட்சத்திரத்தின் மேற்பரப்புப் பிரகாசம் தூரத்தால் குறையாது என்றால், எந்தத் திசையில் பார்த்தாலும் கடைசியில் ஏதாவது ஒரு நட்சத்திரத்தில் பார்வை போய் முட்ட வேண்டும், வானம் முழுக்கச் சூரியன் போல எரிய வேண்டும். ராத்திரி ஏன் இருட்டாக இருக்கிறது?

#10 கரும்பலகை

இதே கேள்வியை 1823-இல் ஓல்பர்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் எழுப்பினார். அவர் பெயரால்தான் அந்தப் புதிர் இன்றும் வழங்குகிறது. பிரபஞ்சத்துக்கு வயது உண்டு, சுமார் 1,380 கோடி ஆண்டு. அதைவிடப் பழைய ஒளி நம்மிடம் வந்து சேர வழியில்லை. பிரபஞ்சம் விரிவதால் தூரத்து ஒளி சிவந்து மெலிவதும் சேர்ந்துகொள்கிறது. இதற்குத் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன். இங்கே அகத்தியரை விட்டு வெகுதூரம் போய்விடுவோம்.

#11 நிலாச்சோறு

மாடிவெளித் தம்பி, பிள்ளை எண் கேட்கிற பிள்ளையாக இருப்பதால் பொலிவெண்ணையும், அதாவது நட்சத்திரத்தின் பிரகாசத்தைக் குறிக்கும் எண்ணையும், சொல்லிக்கொடுங்கள். முதலில் தலைகீழாகத் தோன்றும்: எண் கூடக் கூட மங்கல். கிரேக்கத்தில் ஹிப்பார்க்கஸ் காலத்துப் பழக்கம், பிரகாசமானவை முதல் தரம், கண்ணுக்கு அரைகுறையாய்த் தெரிபவை ஆறாம் தரம். 1856-இல் போக்சன் அதற்கு ஒரு கணக்கு வைத்தார்: ஐந்து எண் வித்தியாசம் என்றால் சரியாக 100 மடங்கு.

இந்த 100 நமக்குக் கிடைத்த வரம். ஒரு நட்சத்திரத்தைப் பத்து மடங்கு தள்ளி வைத்தால் வெளிச்சம் 100 மடங்கு குறையும், அதாவது பொலிவெண்ணில் 5 கூடும். கால்குலேட்டரே வேண்டாம். பத்து மடங்கு தூரம், ஐந்து எண். நூறு மடங்கு தூரம், பத்து எண்.

எல்லா நட்சத்திரத்தையும் ஒரே வரிசையில் நிறுத்தி ஒப்பிட, 10 பார்செக் என்று ஒரு பொதுத் தூரம் வைத்திருக்கிறார்கள். 32.6 ஒளியாண்டு. அந்தத் தூரத்தில் எப்படித் தெரியும் என்பது தனிப் பொலிவெண். நம் சூரியனை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் 4.83. நகரத்து வானத்தில் தேடினாலும் கிடைக்காத ஒரு சின்னப் புள்ளி. 56 ஒளியாண்டுக்குத் தள்ளினால் 6-ஐத் தொட்டு, நல்ல இருட்டிலும் வெறுங்கண்ணின் எல்லைக்கு வந்துவிடும். இங்கே இருந்து பார்க்கும்போது இதே சூரியன் கழித்தல் 26.74. முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த ராத்திரி எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

அகத்தியரின் தனிப் பொலிவெண் ஏறத்தாழ கழித்தல் 5.6. சிரியஸுக்கு 1.4.

#12 மாடிவெளி

நிலாச்சோறு அக்கா, "பத்து மடங்கு தூரம், ஐந்து எண்" என்பதை நோட்டு அட்டையிலேயே எழுதிவிட்டாள். இப்போது அடுத்த கேள்வி வந்திருக்கிறது. பிரகாசத்தை வைத்துத் தூரம் தெரியாது, தூரம் தெரிந்தால்தான் உண்மையான வெளிச்சம் தெரியும். அப்படியானால் 310 ஒளியாண்டு என்று முதலில் எப்படி அளந்தார்கள்? நாடா பிடிக்க முடியாதே?

#13 பழையஏடு

இந்த இடத்துக்காகத்தான் காத்திருந்தேன். நாடா பிடிப்பதற்கு முன்பே ஒருவர் பிரகாசத்தை வைத்து முயன்று பார்த்த கதை இருக்கிறது.

நெதர்லாந்தைச் சேர்ந்த கிறிஸ்டியான் ஹைகென்ஸ், 17-ஆம் நூற்றாண்டு. சிரியஸும் சூரியனும் ஒரே மாதிரி நட்சத்திரங்கள் என்று வைத்துக்கொண்டார். பிறகு சூரிய ஒளியை மிகச் சின்னத் துளையும் நுண்ணிய கண்ணாடி மணியும் வைத்து மெலித்தார், முந்தின ராத்திரி பார்த்த சிரியஸ் அளவுக்கு வரும்வரை. துளை வழியாகத் தெரிந்தது சூரியனின் அகலத்தில் 27,664-இல் ஒரு பங்கு. ஆகவே சிரியஸ் சூரியனைவிட 27,664 மடங்கு தூரத்தில் இருக்கிறது என்று முடிவு கட்டினார். அவர் இறந்த பிறகு 1698-இல் அச்சில் வந்தது. (மருமகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: துளை, லென்ஸ் எதன் வழியாகவும் சூரியனைப் பார்க்கக் கூடாது.)

இன்று நமக்குத் தெரிந்த தூரம் பூமி–சூரியன் இடைவெளியைப் போல சுமார் 5,44,000 மடங்கு. கிட்டத்தட்ட 20 மடங்கு குறைத்துச் சொல்லிவிட்டார். அந்த 20 எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்த்தால் நம் இழையின் பாடமே அதற்குள் இருக்கிறது. சிரியஸ் சூரியனைப் போல சுமார் 25 மடங்கு ஒளி விடுகிறது. 25 மடங்கு ஒளி என்றால் அதே பிரகாசத்துக்கு 5 மடங்கு தள்ளி நிற்க வேண்டும். 20-இல் 5 இப்படிப் போயிற்று. மீதி 4 மடங்கு, ராத்திரி பார்த்ததைப் பகலில் நினைவு வைத்துக் கண்ணால் ஒப்பிட்டதில் வந்த பிழை. அவருடைய கருவியை நினைத்தால் இவ்வளவு கிட்ட வந்ததே எனக்கு வியப்பு.

உண்மையான நாடா, இடமாறு தோற்றம். கட்டை விரலை நீட்டிப் பிடித்து ஒரு கண், மறு கண் என்று மாற்றி மூடினால் விரல் இடம் மாறித் தெரியும் அல்லவா? ஜனவரியில் ஒரு முறை, ஜூலையில் ஒரு முறை பார்த்தால் நமக்கு இரண்டு கண்ணுக்கு நடுவே 30 கோடி கிலோமீட்டர் இடைவெளி. அந்த இரண்டு கண்ணால் பார்த்தும் நட்சத்திரம் அசைவது கொஞ்சமே கொஞ்சம். இரண்டு சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு நாணயத்தை நாலு கிலோமீட்டருக்கு அப்பால் வைத்தால் அதன் அகலம் ஒரு விகலை. மிகக் கிட்ட உள்ள நட்சத்திரத்துக்குக்கூட இடமாறு கோணம் அதைவிடச் சிறிசு.

1838-இல் பெஸ்ஸல் இதை முதலில் நம்பகமாக அளந்தார். அவர் தேர்ந்தெடுத்த நட்சத்திரத்தைக் கவனியுங்கள். பளிச்சென்ற சிரியஸை எடுக்கவில்லை. சிக்னஸ் மண்டலத்தில் 61 என்று எண் போட்ட, வெறுங்கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் ஒரு நட்சத்திரம். வருஷா வருஷம் வானத்தில் அது வேகமாக நகர்வதைப் பார்த்து, கிட்டத்தில் இருக்க வேண்டும் என்று ஊகித்தார். கோணம் விகலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. தூரம் 10 ஒளியாண்டுக்குக் கொஞ்சம் மேல் என்றார். இன்றைய அளவு 11.4. மங்கலான நட்சத்திரம் பக்கத்தில் இருக்க முடியும் என்று அன்றைக்கே எண்ணால் காட்டிவிட்டார். அடுத்த ஆண்டே, தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் எடுத்த அளவுகளை வைத்து ஹெண்டர்சன் ஆல்பா சென்டாரியின் தூரத்தை வெளியிட்டார்.

உங்கள் 310 ஒளியாண்டு, 1989-இல் ஐரோப்பியர் ஏவிய ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோள் அளந்த கோணத்தில் இருந்து வந்தது. 2013-இல் ஏவிய காயா 100 கோடிக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களை அளந்து, 2025 ஜனவரியில் வேலையை முடித்துக்கொண்டது.

#14 கோடிவீடு

ஆந்திரமேடா மாதிரி 25 லட்சம் ஒளியாண்டு தள்ளி இருப்பதற்கு இந்த விரல் வித்தை எப்படிப் போதும்?

#15 நிலாச்சோறு

போதாது. அங்கே மறுபடியும் பிரகாசம்தான் கைகொடுக்கிறது, இந்த முறை ஒரு பெண்மணியின் உபயத்தில். ஹார்வர்டு வானாய்வகத்தில் ஹென்ரியட்டா லெவிட் புகைப்படத் தட்டுகளில் நட்சத்திரப் பிரகாசத்தை அளக்கும் வேலையில் இருந்தார். கூடிக் குறைந்து ஒளிரும் செபீட் நட்சத்திரங்களில், சின்ன மெகல்லன் மேகம் என்ற குட்டி நட்சத்திர மண்டலத்தில் உள்ள 25-ஐ எடுத்து 1912-இல் ஒரு வரைபடம் போட்டார். துடிக்கும் காலம் நீளமாக நீளமாக நட்சத்திரம் பிரகாசம்.

இதில் அவருடைய கூர்மை எங்கே என்றால், அந்த 25-ம் ஒரே மேகத்துக்குள் இருக்கின்றன. நமக்கு எல்லாம் கிட்டத்தட்ட ஒரே தூரம். எல்லாத் தோசையும் ஒரே அகலம் என்றால், கனத்தைப் பார்த்தே எத்தனை கரண்டி என்று சொல்லிவிடலாம்! தூரம் என்ற தொந்தரவே அங்கே இல்லை.

அதன் பிறகு எந்தச் செபீட் கிடைத்தாலும், எத்தனை நாளுக்கு ஒருமுறை துடிக்கிறது என்று பார்த்தால் உண்மையான ஒளி தெரியும், தெரியும் பிரகாசத்தோடு ஒப்பிட்டால் தூரம் வந்துவிடும். 1923 அக்டோபரில் ஹப்பிள் ஆந்திரமேடாவில் ஒரு செபீட் கண்டுபிடித்து, அது நம் பால்வீதிக்கு வெளியே இருக்கும் இன்னொரு பெரும் மண்டலம் என்று காட்டியது இந்த வழியில்தான். அவருக்குக் கிடைத்த தூரம் இன்றைய மதிப்பில் பாதிகூட இல்லை. செபீட்களில் இரண்டு வகை உண்டு என்று 1952-இல் பாடே காட்டிய பிறகுதான் தூரம் நீண்டது. எத்தனை கரண்டி என்பதில் ஏமாந்தால் தூரத்திலும் ஏமாறுவோம்.

#16 தென்கீழ்க்காற்று

இவ்வளவு பேர் எழுதியும் தூசு பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. இருமடி விதி வெற்றிடத்துக்கு. நட்சத்திரங்களுக்கு நடுவே இருப்பது முழு வெற்றிடம் இல்லை.

1930-இல் டிரம்ப்ளர் நட்சத்திரக் கொத்துகளை இரண்டு வழியில் அளந்தார். தூரம் இரட்டித்தால் கொத்தின் அகலம் பாதியாகத் தெரியும், பிரகாசம் கால் பங்காகும். இரண்டும் ஒரே தூரத்தைச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. தள்ளிப்போகப் போகப் பிரகாசம் சொன்ன தூரம் அளவுக்கு மீறி நீண்டுகொண்டே போனது. அதை நம்பினால் தூரத்துக் கொத்துகள் எல்லாம் நம் பக்கத்தில் இருப்பவற்றைவிடப் பெரியவையாக இருக்க வேண்டும். அப்படி இருக்க நியாயம் இல்லை. நடுவில் எதுவோ ஒளியைத் தின்கிறது என்று முடிவு செய்தார். பால்வீதியின் மையத்தை நோக்கிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் தூசு மட்டுமே சுமார் 30 பொலிவெண் தின்றுவிடுகிறது. நிலாச்சோறு அக்காவின் கணக்குப்படி ஐந்து எண்ணுக்கு 100 மடங்கு. முப்பதுக்கு ஒரு லட்சம் கோடி மடங்கு!

தூரம் மாறாமல் பிரகாசம் மாறுவதையும் நம் காலத்திலேயே பார்த்தோம். 2019 கடைசியில் தொடங்கி 2020 பிப்ரவரி வரை திருவாதிரை கண்முன்னே மங்கியது. பொலிவெண் 1.6 வரை இறங்கியது. மிருகசீரிடத்துப் பக்கம் தினமும் பார்ப்பவர்களுக்கு மனசு பதைத்தது. அதன் மேற்பரப்பில் ஒரு பகுதி குளிர்ந்து, அது கக்கிய வாயு நம் பார்வைக்கு நேரே தூசாக உறைந்து மறைத்ததுதான் காரணம் என்று அடுத்த ஆண்டு வெளியான ஆய்வு சொன்னது.

நம் காற்றையும் மறக்க வேண்டாம். அடிவானத்தை ஒட்டி இருக்கும் நட்சத்திரத்தின் ஒளி அதிகக் காற்றைக் கடந்து வருகிறது. அகத்தியர் நம் ஊர்களில் உச்சத்தில்கூட 25 பாகை உயரத்தைச் சுற்றித்தான் நிற்கிறார். அவர் உங்களுக்குப் பாதி வெளிச்சமாகத் தெரிந்ததில் காற்றின் பங்கும் கொஞ்சம் உண்டு.

#17 கரும்பலகை

தென்கீழ்க்காற்று சொன்னதை ஏற்கிறேன். நான் எழுதியதில் அது விடுபட்டுப்போனது.

மாடிவெளி, மே மாதக் கடைசியில் ராத்திரி பத்தரை மணிக்குப் பிள்ளையைத் தெற்கே பார்த்து நிறுத்துங்கள். தாழ்வாக, பக்கம் பக்கமாக இரண்டு பளிச்சென்ற நட்சத்திரங்கள். இடது பக்கம் ஆல்பா சென்டாரி, வலது பக்கம் பீட்டா. வலப்புறம் இன்னும் தள்ளித் திரிசங்கு. எது கிட்ட என்று கேளுங்கள், பதில் சொல்ல வேண்டாம்.

#18 மாடிவெளி

மே 30.

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். நடுவில் பரீட்சை, அப்புறம் மேகம். நேற்றுத்தான் தெற்கே துடைத்துவிட்டது மாதிரி வானம் கிடைத்தது.

ஐயா சொன்னபடி நிறுத்திக் கேட்டேன். முன்பானால் உடனே பதில் சொல்லியிருப்பாள். நேற்று இரண்டையும் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "தெரியாது மாமா, இதை வைத்துச் சொல்ல முடியாது. தூரத்தைச் சொல்லுங்க, எத்தனை கரண்டின்னு நான் சொல்றேன்" என்றாள். ஆல்பா 4.4 ஒளியாண்டு, பீட்டா சுமார் 390 என்றேன். மாடிக் கைப்பிடிச் சுவரில் நோட்டை வைத்து, போன் வெளிச்சத்தில் கணக்குப் போட்டாள். 89 மடங்கு தூரம், 7,900 மடங்கு மெலிவு. கண்ணுக்கு பீட்டா கிட்டத்தட்ட பாதிப் பிரகாசம். ஆக பீட்டா 3,500 கரண்டிக்கும் மேல், என்று கோடு போட்டு முடித்தாள். அப்புறம் நிமிர்ந்து அந்த இரண்டையும் மறுபடி பார்த்தாள்.

இப்போது அவள் கேட்கும் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. லெவிட் அம்மையாருக்குக் கிடைத்த மாதிரி, எல்லாம் ஒரே தூரத்தில் இருக்கும் நட்சத்திரங்கள் வெறுங்கண்ணுக்குத் தெரியும்படி ஏதாவது உண்டா? அங்கே மட்டுமாவது கண்ணை அப்படியே நம்பலாமே என்கிறாள்.

#19 நிலாச்சோறு

உண்டு, அதுவும் நேற்று அவள் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது. வடக்கே திரும்பச் சொல்லுங்கள், சப்தரிஷி மண்டலம். ஏழில் இரண்டு ஓரத்தில் இருப்பவை தனி: கிண்ணத்தின் வாய் மூலையில் இருக்கும் டூபே சுமார் 123 ஒளியாண்டு, வால் நுனி அல்கெய்டு சுமார் 104. நடுவில் இருக்கும் ஐந்தும் ஏறத்தாழ 80 ஒளியாண்டில், ஒன்றாகப் பிறந்து ஒரே திசையில் போய்க்கொண்டிருக்கும் ஒரு குடும்பம். அந்த ஐந்தில் மங்கலாகத் தெரிவது, கிண்ணமும் வாலும் சேரும் இடத்தில் உள்ளது, நிஜமாகவே அந்த ஐந்தில் ஒளி குறைந்தது.

வசிஷ்டரை ஒட்டி அருந்ததி தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் அந்தக் குடும்பம்தான், அதே தூரம். அங்கே அவள் கண் சொல்வதை அப்படியே நோட்டில் எழுதலாம்.

#20 மாடிவெளி

பார்த்துவிட்டாள் அக்கா. "வசிஷ்டர் ஐந்து, அருந்ததி ஒரு கரண்டி" என்று எழுதியிருக்கிறாள். சரிதானா?

#21 நிலாச்சோறு

ஐந்தாறு. வெறுங்கண்ணுக்கு இது ரொம்பச் சரியான அளவு.